சிவப்புப் பேனா யார் கையில்? மாணவர் கட்டுரையைத் திருத்த ஆறு வழிகள்

எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள், அதிலும் வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆனவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "நாற்பது கட்டுரை வந்து கிடக்கு. எல்லாத்தையும் வரிவரியா திருத்தினா விடிஞ்சிடும். திருத்தாம விட்டா மனசு கேக்கல. என்னதான் பண்றது?"

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆறு வழிகளையும் நான் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் காலை வாரிவிட்டிருக்கிறது, ஏதோ ஓரிடத்தில் கைகொடுத்திருக்கிறது.

பொதுப்படையாகப் பேசினால் எல்லா வழியும் நல்ல வழியாகவே தெரியும். அதனால் ஒரு பத்தியைக் கையில் வைத்துக்கொள்வோம். "கல்லூரி நூலகம் இரவிலும் திறந்திருக்க வேண்டும் என வாதிடுக" என்ற தலைப்புக்கு முதலாண்டு மாணவர் ஒருவர் எழுதிய முதல் வரைவு இது:

> நூலகம் என்பது அறிவுக் களஞ்சியம் ஆகும். இன்றைய நவீன உலகில் நூலகத்தின் பங்கு மிகவும் முக்கியமானதாகும். மாணவர்கள் பகலில் வகுப்பில் இருப்பதால் நூலகத்திற்க்கு செல்ல முடிவதில்லை. எனவே நூலகம் இரவு பத்து மணி வரை திறந்து இருக்க வேண்டும். ஆனால் இரவில் யாரும் வருவதில்லை என்று கூறுகிறார்கள், அது தவறு.

படித்ததும் கண்ணில் குத்துவது "நூலகத்திற்க்கு". அதைத் திருத்திவிடலாம், அரை நொடி வேலை. "அது தவறு" என்று முடிகிறதே, அதை என்ன செய்வது? எதிராளி சொன்னதை இரண்டே சொல்லில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். இந்த வாதம் உடைவது அங்கேதான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள்.

ஆசிரியரின் நேரம். நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். நிமிடக் கணக்கெல்லாம் என் கடிகாரத்தில் பார்த்தவை. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

எந்த அடுக்கைத் தொடுகிறது. எழுத்துப்பிழை, வாக்கியம், வாதம், வாசகர் என்று கட்டுரைக்கு அடுக்குகள் உண்டு. எல்லா முறையும் எல்லா அடுக்கையும் தொடாது.

மறுநாள் மாணவர் என்ன செய்வார். என் தராசில் இதற்குத்தான் எடை அதிகம். திருத்திய தாள் கைக்கு வந்ததும் மாணவர் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை. அடுத்து பக்கத்து பெஞ்சின் மதிப்பெண்ணை. பிறகு தாள் நான்காக மடிந்து பைக்குள் போய்விடும். 1988இல் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதைப் பற்றியதுதான். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அடுத்த வேலையில் ஆர்வமும் தரமும் கூடின. குறிப்போடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் கரைந்துபோனது. ஆகவே கீழே நான் சொல்வதெல்லாம் முதல் வரைவுக்கு. அதில் மதிப்பெண் கிடையாது. இரண்டாம் வரைவுக்கு உண்டு.

மறைசெலவு. முறையைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடுவது.

## 1. வரிக்கு வரி திருத்துதல்

நம்மில் பெரும்பாலானோர் இப்படித் திருத்தப்பட்டே வளர்ந்தோம். அதனால் திருத்துவது என்றாலே இதுதான் என்று நினைக்கிறோம். மேலே உள்ள பத்தியில் "நூலகத்திற்குச் செல்ல" ஆகும், "திறந்திருக்க" சேரும், "நவீன" அடிபடும், "முக்கியமானதாகும்" என்பது "முக்கியமானது" என்று சுருங்கும். எல்லாம் சரியாகிவிடும். அறிவுக் களஞ்சியம் அப்படியே இருக்கும். "அது தவறு" என்பதும் அப்படியே இருக்கும். பிழையற்ற, வெறுமையான பத்தி ஒன்று கிடைக்கும். மாணவர் அதை அழகாகப் படியெடுத்து இரண்டாம் வரைவு என்று நீட்டுவார். படியெடுக்கும்போது அவர் மூளைக்கு வேலையே இல்லை. யோசித்ததெல்லாம் நாம்.

நான்சி சோமர்ஸ் 1982இல் கல்லூரி ஆசிரியர்களின் திருத்தங்களை ஆராய்ந்து, இரண்டு குறைகளைச் சுட்டினார். ஒன்று, குறிப்புகள் பல எந்தத் தாளிலும் ஒட்டக்கூடிய ரப்பர் ஸ்டாம்ப் போல இருந்தன. இன்னொன்று, ஒரே பத்தியில் "இந்த வாக்கியத்தைச் செப்பம் செய்" என்றும் "இந்தப் பத்தியை விரித்து எழுது" என்றும் முரணான கட்டளைகள் நின்றன. விரித்து எழுதினால் அந்த வாக்கியமே போய்விடுமே, பிறகு எதற்குச் செப்பம்? என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இலக்கணத் திருத்தத்தால் பயனே இல்லை, விட்டுவிடுங்கள் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். அவர் பேசியது இரண்டாம் மொழியில் எழுதுபவர்களைப் பற்றி. 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார்: தேர்ந்தெடுத்து, தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்றார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துவதற்காக இருவருமே வாதாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாளுக்கு 25 நிமிடம். நாற்பதுக்கு 16 மணி 40 நிமிடம்.

மறைசெலவு இரண்டு. முதல் பத்துத் தாளுக்குப் பொறுமை கிடைக்கும், கடைசிப் பத்துக்கு எரிச்சல்தான் கிடைக்கும். தாள் அடுக்கில் எங்கே இருந்தது என்பதே ஒருவரின் விதியாகிவிடும். இரண்டாவது, ஆபத்தானது: ஒற்று மிகுமா மிகாதா என்று சந்தேகம் வரும் இடத்தையெல்லாம் மாணவர் ஒதுக்கிவிட்டு எழுதக் கற்றுக்கொள்வார். சின்னச் சின்ன வாக்கியம், தெரிந்த சொல், யாரும் மறுக்காத கருத்து. பிழை குறையும். எழுத்தும் குறையும்.

இது பொருந்தும் இடமும் உண்டு. அச்சுக்குப் போகும் கட்டுரை, வேலைக்கு அனுப்பும் விண்ணப்பக் கடிதம் போன்றவற்றுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருடைய முதல் பத்தியை மட்டும் இப்படித் திருத்தினால், யாருக்கு என்ன பிழை வழக்கம் என்று நமக்கும் பிடிபடும்.

## 2. ஓரத்தில் ஒரு புள்ளி

பிழையைத் திருத்துவதில்லை, என்ன பிழை என்றும் சொல்வதில்லை. பிழையுள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. கண்டுபிடிப்பதும் திருத்துவதும் மாணவர் வேலை. ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதிய முறை இது (அவர் போட்டது புள்ளியல்ல, டிக் குறி). தன் மாணவர்கள் இப்படிக் குறிக்கப்பட்ட பிழைகளில் 60 சதவீதத்துக்கு மேல் தாங்களாகவே திருத்திக்கொண்டார்கள் என்று கணக்குக் காட்டினார். பாதிக்கு மேல் பிழைகள் தெரியாமல் வந்தவை அல்ல, கவனிக்காமல் வந்தவை என்றுதானே அர்த்தம்? எஞ்சியதைத்தான் நாம் கற்பிக்க வேண்டும்.

நம் பத்தியில் "நூலகத்திற்க்கு செல்ல" வரும் வரிக்கு இரண்டு புள்ளி, "திறந்து இருக்க" வரும் வரிக்கு ஒன்று. மிச்சமான நேரத்தில் அடியில் ஒரே ஒரு கேள்வி: "யாரும் வருவதில்லை என்று சொல்பவர் யார்? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்?" அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி கேட்கக் கை துறுதுறுக்கும். கேட்காதீர்கள்.

தாளுக்கு 8 நிமிடம், மொத்தம் 5 மணி 20 நிமிடம்.

அடிப்படையே ஆட்டம் காணும் மாணவருக்குப் புள்ளி ஒரு விடுகதை. வல்லினம் மிகும் இடம் மிகா இடம் காதில் ஏறாதவர், அந்த வரியை நாள் முழுக்கப் பார்த்தாலும் "ச்" விடுபட்டது தெரியாது. அவருக்குப் புள்ளியோடு விதியையும் சொல்லியாக வேண்டும். தவிர, திருத்துவதற்கு வகுப்பிலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் புள்ளி புள்ளியாகவே திரும்பி வரும்.

வாரம் ஒரு சிறு கட்டுரை எழுத வைக்கும் வகுப்புக்கு இதுவே சரி.

## 3. எதிரே உட்காரவைத்துப் பேசுதல்

அந்த நூலக மாணவரிடம் நான் பேசியது இது.

"யார் சொல்றாங்க, ராத்திரி யாரும் வர்றதில்லைன்னு?"

"லைப்ரேரியன்தான் மேடம்."

"அவர் ஏன் அப்படிச் சொல்றார்?"

"போன வருஷம் பரீட்சை சமயத்துல ரெண்டு வாரம் தெறந்து வெச்சாங்களாம். ஏழெட்டுப் பேர்தான் வந்தாங்களாம்."

"ஏன் வரல?"

"நோட்டீஸே ஒட்டல மேடம். கடைசி நாள்தான் ஒட்டுனாங்கன்னு எங்க சீனியர்ஸ் சொன்னாங்க."

"இதுல ஒண்ணுகூட கட்டுரையில இல்லையேப்பா?"

"இதையெல்லாம் எழுதலாமா மேடம்?"

அந்தக் கடைசிக் கேள்வி எந்த ஓரக் குறிப்பாலும் வெளியே வந்திருக்காது. கட்டுரை என்றால் களஞ்சியம், நவீன உலகம் என்று தொடங்க வேண்டும், தனக்குத் தெரிந்த செய்தியை எழுதக் கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாதம் அவர் வாயில் முழுசாக இருந்தது. தாளில்தான் இல்லை.

ஆளுக்கு 15 நிமிடம் என்றாலும் பத்து மணி நேரம். ஒருவர் போய் ஒருவர் வரும் இடைவெளியைச் சேர்த்தால் இன்னும் கூடும். வராமல் போகிறவர்கள் யார் என்று பார்த்தால், வந்தே ஆக வேண்டியவர்களாக இருப்பார்கள். கூச்சமுள்ள மாணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எதையும் மாற்றாமல் இரண்டாம் வரைவைக் கொடுப்பார். இவற்றைவிடப் பெரிய இடர் நாம்தான். பதினைந்தில் பன்னிரண்டு நிமிடம் நாமே பேசிவிடுவோம். ஒருமுறை என் சந்திப்பைப் பதிவுசெய்து கேட்டேன். மாணவர் குரல் வந்தது மூன்றே இடத்தில், மூன்றும் "சரிங்க மேடம்". அன்றிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். பேனா மாணவர் கையில் இருக்க வேண்டும். வரும்போதே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும்.

வகுப்பில் பதினைந்து பேருக்குள் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வகுப்பென்றால் பருவத்துக்கு ஒரு தடவையாவது, அதுவும் முதல் வரைவின்போது. எழுதி முடித்த பிறகு கூப்பிட்டுப் பேசினால் அது வெறும் தீர்ப்பு வாசிப்பு.

## 4. மாணவர் மாணவரை வாசித்தல்

இதற்குக் கெட்ட பெயர் உண்டு. "நல்லா இருக்கு", "சூப்பர்", கீழே ஒரு சிரிப்பு முகம், முடிந்தது கதை. பத்து வருடம் முன்பு நானும் கைவிட்டேன். தவறு மாணவர்களிடம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நண்பனைப் பற்றி வேறென்ன சொல்வார்கள்?

மறுபடி தொடங்கியதற்கு ஒரு காரணம் நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் கற்றலைப் பங்கு பிரிக்கிறார்: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. 2009இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராமும் வெண்டி பேக்கரும் இதையே வேறு திசையிலிருந்து தொட்டார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களில் ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைக்குக் கருத்து எழுத மட்டும் பழகினார்கள், இன்னொரு பிரிவினர் வந்த கருத்தை வைத்துத் திருத்த மட்டும் பழகினார்கள். எழுத்தில் கூடுதலாக முன்னேறியது கருத்து எழுதிய பிரிவு. வாங்குபவரைவிடக் கொடுப்பவருக்கு லாபம். அப்படியானால் "நண்பர் கொடுத்த கருத்து தரமாக இருந்ததா" என்ற நம் கவலையில் பாதி தேவையற்றது.

நான் இப்போது மூன்றே கேள்வி கொடுக்கிறேன். எழுதியவர் என்ன கேட்கிறார், ஒரு வாக்கியத்தில் சொல். எந்த இடத்தில் நின்றாய், அல்லது திரும்பப் படித்தாய்? இதை ஒப்புக்கொள்ளாத ஒருவர் என்ன சொல்வார்? மூன்றிலும் "நல்லா இருக்கு" என்று எழுத இடமில்லை. நூலகப் பத்திக்கு ஒரு மாணவி எழுதியது: "முதல் ரெண்டு வரிய மறைச்சிட்டுப் படிச்சேன், ஒண்ணும் குறையல. பிரின்சிபால் இதைப் படிச்சா, ராத்திரி யார் உக்காந்து பாத்துக்குவாங்கன்னு கேப்பார்." நான் இருபத்தைந்து நிமிடம் செலவழித்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கு ஆகும் நேரம் ஒரு வகுப்பு, பிறகு கருத்துகளைப் புரட்ட இரண்டு மணி.

மறைசெலவு: முதல்முறை செய்யும்போது ஒரு முழு வகுப்பு பழக்குவதற்கே போகும். அந்த நாளில் வரைவு இல்லாமல் வருகிற நான்கு பேரை என்ன செய்வது என்று முன்னமே முடிவு செய்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்துவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். சரியாக இருந்த ஒற்றை அடித்துவிட்டுத் தவறாகப் போட்டுக்கொடுத்த தாள்கள் நிறையப் பார்த்தாயிற்று.

## 5. ரூப்ரிக்

கட்டம் போட்ட அளவுகோல் தாள். வாதம் இவ்வளவு, சான்று இவ்வளவு, அமைப்பு இவ்வளவு, மொழி இவ்வளவு. ஏதோ இறக்குமதிச் சரக்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் நன்னூலின் பத்துக் குற்றத்தைக் காட்டுவேன். நம் பத்தியை அதில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாக்கியம் வெற்றெனத் தொடுத்தல், அதாவது பொருளில்லாமல் சொற்களைக் கோத்துக்கொண்டு போவது. "இன்றைய நவீன" என்பது கூறியது கூறல். "அது தவறு" என்று நிறுத்தியது குன்றக் கூறல். பெயர் வைத்துவிட்டால் மாணவர்களுக்குக் குற்றம் பிடிபடுகிறது. "மேடம், இவன் வெற்றெனத் தொடுத்திருக்கான்" என்று கத்துவார்கள். கத்தட்டும்.

தாளுக்கு 6 நிமிடம், நான்கு மணி நேரம். தாளைத் தயாரிக்கும் நேரம் தனி.

மறைசெலவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. கட்டத்தில் உள்ளதை நிரப்பவே எழுதுவார்கள். "எதிர்வாதம்: 5 மதிப்பெண்" என்று போட்டால், எல்லாத் தாளிலும் கடைசி வரியில் ஓர் எதிர்வாதமும் அதை அடுத்து "அது தவறு" என்பதும் வந்து உட்காரும். மேலே உள்ள பத்தியின் கடைசி வரி அப்படி வந்ததுதானோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

பல ஆசிரியர்கள் ஒரே தாளைத் திருத்தும்போதும், மதிப்பெண்ணில் தகராறு வரும்போதும், நூறு பேருக்கு மேல் உள்ள வகுப்பிலும் இது இல்லாமல் முடியாது. இரண்டாம் வரைவுக்கு மதிப்பெண் போட நானும் பயன்படுத்துகிறேன்.

## 6. குரல் பதிவு

தாளைப் படித்துவிட்டு மூன்று நிமிட வாய்ஸ் நோட். எழுதினால் கடுமையாகத் தெரியும் வாக்கியம் குரலில் இதமாகப் போய்ச் சேரும். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு அருமை. தாளுக்கு 11 நிமிடம், மொத்தம் 7 மணி 20 நிமிடம். எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று மாணவர் தேட வேண்டியிருக்கும் என்பதால், வரிகளுக்கு எண் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். கேட்டதை மூன்று வரியில் எழுதி வாங்கினால்தான் பயன்.

செயற்கை நுண்ணறிவை ஏன் தனி வழியாகச் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அது முதல் வழியேதான், வேகம் மட்டும் கூட. கேட்டால் ஒற்றையும் திருத்தும், பத்தியையே புதிதாக எழுதியும் கொடுக்கும். பேனா அப்போதும் மாணவர் கையில் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | 40 தாளுக்கு நேரம் | நன்றாகத் தொடும் அடுக்கு | மறுநாள் மாணவர் செய்வது | எப்போது |
|---|---|---|---|---|
| வரிக்கு வரி | 16 மணி 40 நிமிடம் | எழுத்து, வாக்கியம் | படியெடுப்பார் | அச்சு, விண்ணப்பம் |
| ஓரப் புள்ளி | 5 மணி 20 நிமிடம் | எழுத்து. கேள்வி சேர்ந்தால் வாதம் | தானே தேடுவார் | வாராந்தரக் கட்டுரை |
| நேர்ப்பேச்சு | 10 மணிக்கு மேல் | வாதம், வாசகர் | பேசியதை எழுதுவார் | சிறு வகுப்பு, முதல் வரைவு |
| சக வாசிப்பு | ஒரு வகுப்பு + 2 மணி | வாசகர், வாதம் | இன்னொருவர் கண்ணால் படிப்பார் | பெரிய வகுப்பு |
| ரூப்ரிக் | 4 மணி | அமைப்பு, நியாயம் | கட்டத்தை நிரப்புவார் | மதிப்பெண் போடும்போது |
| குரல் பதிவு | 7 மணி 20 நிமிடம் | வாதம் | கேட்பார், மறப்பார் | தொலைநிலை |

## நாற்பது பேருக்கு என் கலவை

முதல் வரைவுக்குச் சக வாசிப்பு, அதே வாரம் ஓரப் புள்ளியும் ஒரு கேள்வியும். கருத்துகளைப் புரட்டும்போது யார் தடுமாறுகிறார் என்று தெரிந்துவிடும். அப்படி எட்டுப் பத்துப் பேரை மட்டும் கூப்பிட்டுப் பேசுவேன், இரண்டரை மணியில் முடியும். இரண்டாம் வரைவுக்கு ரூப்ரிக், மதிப்பெண். இரண்டாம் வரைவுக்கு நேரமே தராத பாடத்திட்டம் என்றால், கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ரூப்ரிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்ப எழுதப்படாத தாளில் குறிப்பெழுதி உங்கள் இரவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நூலக மாணவரின் இரண்டாம் வரைவு இப்படித் தொடங்கியது:

> போன ஆண்டு தேர்வு சமயத்தில் இரண்டு வாரம் நம் நூலகம் இரவிலும் திறந்து இருந்தது. வந்தவர்கள் எட்டுப் பேர். அறிவிப்பு ஒட்டியது கடைசி நாளில்.

களஞ்சியம் போய்விட்டது. "திறந்து இருந்தது" மட்டும் இடைவெளியோடு அப்படியே இருந்தது. அந்த வரிக்கு நேரே ஒரு புள்ளி வைத்தேன்.